நிலவில் நின்ற 23 இடங்கள்

சந்திரயான்-3 இறங்கிய நாளைக் கொண்டாடினோம். இறங்கிய பிறகு அது என்ன கண்டுபிடித்தது?

நின்றால்தான் அதன் ரோவரான பிரக்யானுக்கு வேலை. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போய் ஓரிடத்தில் நிற்கும். 18 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கருவி மெல்லத் திரும்பிச் சாய்ந்து, தன் முனையைத் தரைக்கு ஐந்து சென்டிமீட்டர் அருகில் கொண்டுவந்து நிறுத்தும். அந்த முனையில் க்யூரியம்-244 என்ற கதிரியக்கத் தனிமம் துளியளவு வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து புறப்படும் ஆல்ஃபா துகள்களும் எக்ஸ் கதிர்களும் மண்ணைத் தாக்கும். அடிபட்ட அணுக்கள் பதிலுக்கு எக்ஸ் கதிர்களை உமிழும். இரும்பு உமிழும் கதிரின் ஆற்றல் வேறு, கால்சியத்தின் ஆற்றல் வேறு, மெக்னீசியத்தின் ஆற்றல் வேறு. எந்த ஆற்றலில் எத்தனை கதிர்கள் வந்தன என்று கருவி பொறுமையாக எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணி முடித்ததும் ரோவர் மறுபடி நகரும்.

அப்படி 23 இடங்களில் நின்றது பிரக்யான். மொத்தம் கடந்த தூரம் 103 மீட்டர். ஒரு தெருவின் நீளம்கூட இல்லை. ஆனால் நிலவு எப்படிப் பிறந்தது என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டாகச் சொல்லப்பட்டுவந்த ஒரு பதிலை, அதுவரை யாரும் போய்ச் சோதிக்காத இடத்தில் சோதித்துப் பார்க்க அந்த 103 மீட்டர் போதுமானதாக இருந்தது.

2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை 6.04 மணிக்கு விக்ரம் லேண்டர் நிலவைத் தொட்டதை இஸ்ரோவின் யூடியூப் நேரலையில் மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். பட்டாசு வெடித்தோம், இனிப்பு வழங்கினோம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2024 ஆகஸ்ட் 21 அன்று, ‘நேச்சர்’ ஆய்விதழில் பிரக்யானின் முடிவுகள் வெளியானபோது அந்த ஆரவாரத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. விண்கலம் அனுப்புவதே இந்த முடிவுகளுக்காகத்தான். இறங்கியது சாதனை. இறங்கித் தெரிந்துகொண்டது அதைவிடப் பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

சில வெள்ளைத் துணுக்குகள்

1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் சுமார் 21.5 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அவர்கள் இறங்கிய இடம் நிலவின் கருமையான சமவெளி. உறைந்துபோன எரிமலைக் குழம்பான பசால்ட் பாறைதான் அங்கே அதிகம். ஆகவே மண்ணும் கருமை. ஆனால் அதற்குள் சில மில்லிமீட்டர் அளவில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் கிடந்தன. அமெரிக்கப் புவியியலாளர் ஜான் வுட்டும் அவருடைய குழுவினரும் அந்தத் துணுக்குகளை ஒதுக்கிவிடாமல் எடுத்து ஆராய்ந்தார்கள். அவை அனார்த்தோசைட் என்ற பாறையின் துண்டுகள். கால்சியமும் அலுமினியமும் நிறைந்த ஃபெல்ஸ்பார் என்ற ஒரே கனிமத்தால் பெரும்பாலும் ஆனது அந்தப் பாறை.

இவை எங்கிருந்து வந்தன? இரவில் நாம் பார்க்கும் நிலவின் வெளுத்த பகுதிகள், அதாவது மேட்டு நிலங்கள், முழுக்க இந்தப் பாறையாக இருக்க வேண்டும். அங்கே விண்கற்கள் மோதியபோது சிதறிய துண்டுகள் சமவெளி வரை வந்து விழுந்திருக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு துணைக்கோளின் மேலோடு முழுவதும் எப்படி ஒரே கனிமத்தால் ஆகும்? வுட் குழு 1970இல் சொன்ன பதில் துணிச்சலானது. பிறந்த புதிதில் நிலவே ஒரு குழம்புக் கடலாக இருந்தது. குளிரக் குளிர, ஆலிவின், பைராக்சீன் போன்ற கனமான கனிமங்கள் அடியில் போய்ப் படிந்தன. கனம் குறைந்த ஃபெல்ஸ்பார், காய்ச்சிய பாலில் ஏடு படிவதைப்போல மேலே மிதந்து திரண்டது. அந்த ஏடுதான் நிலவின் வெள்ளை மேலோடு. சிகாகோவில் ஜோசஃப் ஸ்மித்தின் குழுவும் தனியாக இதே முடிவுக்கு வந்தது.

விரல் நுனியில் அடங்கும் துணுக்குகளிலிருந்து ஒரு துணைக்கோளின் பிறப்பையே ஊகித்த இந்தச் சிந்தனையை அறிவியல் வரலாற்றின் மிக அழகான ஊகங்களில் ஒன்றாகவே நான் நினைக்கிறேன். 1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் அனார்த்தோசைட் கல் ஒன்றையே கையோடு எடுத்துவந்தார்கள். 1972இல் அப்பல்லோ 16 மேட்டு நிலத்திலேயே இறங்கியது. அதே ஆண்டில் சோவியத்தின் லூனா 20 இன்னொரு மேட்டு நிலத்திலிருந்து மண் கொண்டுவந்தது. எல்லாமே வுட்டின் ஊகத்தோடு ஒத்துப்போயின.

ஒரு குறை மட்டும் இருந்தது. இவை எல்லாம் நிலவின் நடுப்பட்டையை ஒட்டிய இடங்கள். குழம்புக் கடல் நிலவு முழுவதையும் போர்த்தியிருந்தது உண்மையானால், தென் துருவப் பக்கம் போனாலும் இதே பாறைதான் இருக்க வேண்டும். அங்கே போய் மண்ணைத் தொட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. 1968இல் நாசாவின் சர்வேயர் 7 தெற்கே 41 டிகிரி வரைதான் போனது. விக்ரம் இறங்கியது தெற்கே 69 டிகிரியில்.

அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக் கூடத்தின் சந்தோஷ் வடவலே தலைமையிலான குழு வெளியிட்ட முடிவு இதுதான்: 23 இடங்களிலும் மண்ணின் கலவை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. பெரும்பகுதி அனார்த்தோசைட் வகை. அப்பல்லோ 16 கொண்டுவந்த மண்ணுக்கும் லூனா 20 கொண்டுவந்த மண்ணுக்கும் இடைப்பட்ட கலவை. நிலவின் நடுவிலும் தெற்கிலும் ஒரே ஏடு. குழம்புக் கடல் கோட்பாட்டுக்கு ஒரு புதிய, உறுதியான சாட்சி கிடைத்துவிட்டது.

ஆழத்திலிருந்து வந்த மெக்னீசியம்

முடிவு இதோடு நின்றிருந்தால் பழைய பாடத்துக்கு ஒரு ‘சரி’ குறி போட்டதாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் மண்ணில் எதிர்பார்த்ததைவிட மெக்னீசியம் மிகுந்த கனிமங்கள் அதிகமாக இருந்தன. மெக்னீசியம் கனமான கனிமங்களில் இருக்கும் சரக்கு. கோட்பாட்டின்படி அது அடியில் படிந்திருக்க வேண்டும். மேலே எப்படி வந்தது?

விக்ரம் இறங்கிய இடத்திலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தூரத்தில் தென் துருவ-ஐட்கன் பள்ளம் இருக்கிறது. குறுக்களவு ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். சூரிய மண்டலத்தில் நாம் அறிந்த மிகப் பெரிய மோதல் பள்ளங்களில் ஒன்று. நிலவின் இளமையில் ஏதோ ஒரு பெரும் பொருள் வந்து மோதி, மேலோட்டை ஆழமாகப் பெயர்த்து அடிச்சரக்கை வெளியே வாரி இறைத்திருக்கிறது. அந்தச் சிதறலில் ஒரு பங்கு பிரக்யானின் சக்கரங்களுக்குக் கீழே இருந்த மண்ணில் கலந்திருக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அதே கருவியின் பதிவுகளைத் தொடர்ந்து அலசி 2025இல் அதே ஆய்வுக் கூடம் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, அந்த மண்ணில் சோடியமும் பொட்டாசியமும் குறைவாகவும் கந்தகம் கூடுதலாகவும் இருப்பதைக் காட்டி, நிலவின் ஆதி அடியடுக்குச் சரக்கு அங்கே மேலே வந்திருக்கலாம் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது.

இதற்கிடையே 2024 ஜூனில் சீனாவின் சாங்-இ 6 அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி, 1,935.3 கிராம் மண்ணோடு பூமிக்குத் திரும்பியது. நிலவின் மறுபக்கத்திலிருந்து மனிதர் கைக்கு வந்த முதல் மண் அது. அதில் இருந்த பாறைத் துண்டுகளை ஆராய்ந்த சீன ஆய்வாளர்கள், பள்ளம் உருவான காலத்தைச் சுமார் 425 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று 2025இல் கணித்துச் சொன்னார்கள். ஒரு நாட்டுக் கலம் பள்ளத்தின் உள்ளே, மற்றொரு நாட்டுக் கலம் பள்ளத்தின் வெளியே. இரண்டு பக்கச் சான்றுகளையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மோதலின் முழுக் கதை கிடைக்கும்.

சித்தம்பூண்டி: எது உண்மை, எது மிகை

இனி நம் ஊர்ப் பக்கம். முட்டைக்கும் லாரி பாடி கட்டுவதற்கும் பேர்போன நாமக்கல் மாவட்டத்தின் பரமத்தி வேலூர் வட்டாரத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களைச் சுற்றி அனார்த்தோசைட் பாறை வெளியே தெரிகிறது. புவியியலாளர்களுக்கு இது புதிதல்ல. 1956லேயே ஏ.பி.சுப்ரமணியம் என்ற புவியியலாளர் ‘சித்தம்பூண்டி பாறைத் தொகுதி’ பற்றி விரிவாக எழுதி அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டுவிட்டார்.

நிலவில் வண்டி ஓட்டுவதற்கு முன் பூமியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு நிலவின் மண்ணைப்போன்ற மண் டன் கணக்கில் வேண்டும். அமெரிக்காவில் விலைக்குக் கிடைக்கிறது, விலையோ மிக அதிகம். கருஞ்சமவெளி மண்ணைப்போலச் செய்வதென்றால் பசால்ட் பாறை போதும். தக்காணம் முழுக்க அது கொட்டிக் கிடக்கிறது. இஸ்ரோவின் குறி தென் துருவ மேட்டு நிலம். அதற்கு அனார்த்தோசைட்தான் வேண்டும். அனார்த்தோசைட் தமிழ்நாட்டில் ஒட்டன்சத்திரத்திலும் கடவூரிலும்கூட உண்டு. அங்குள்ள ஃபெல்ஸ்பாரில் கால்சியம் குறைவு. நிலவைப்போலக் கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பார் சித்தம்பூண்டியில்தான் கிடைத்தது. பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ்.அன்பழகனும் அவருடைய சகாக்களும் இதை இஸ்ரோவுக்குக் காட்டினார்கள். ஐம்பது டன் வரை அனுப்பியதாக அவர் செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறார்.

கல்லை உடைத்தால் மட்டும் நிலவு மண் ஆகிவிடாது. நிலவில் காற்றும் இல்லை, ஓடும் நீரும் இல்லை. ஆற்று மணலைப்போல உருண்டு தேய வழியில்லாததால் அங்குள்ள துகள்கள் கூர் மழுங்காமல் முள்ளும் முனையுமாக இருக்கும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை. அந்த அளவும் வடிவமும் கலவையும் வரும்படி அரைத்துச் சலித்துக் கலக்க வேண்டும். இஸ்ரோ, பெரியார் பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி. ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் கூட்டாக அதைச் செய்தார்கள். 2014இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 2020 மே மாதம் பெற்றார்கள். பெங்களூரில் அந்த மண்ணைப் பரப்பிய களத்தில், நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்குதான் என்பதால், ரோவரின் எடையைக் குறைக்க ஹீலியம் பலூனைக் கட்டிச் சோதித்தார்கள்.

இவ்வளவும் உண்மை. ‘நாமக்கல்லிலும் நிலவிலும் ஒரே மண்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி மட்டும் உண்மை இல்லை. இரண்டுக்கும் ஒற்றுமை சேர்மானத்தில்தான், பிறப்பில் இல்லை. நிலவின் மேலோடு 430 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. சித்தம்பூண்டிப் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அது எந்தக் குழம்புக் கடலிலும் மிதந்து வந்ததல்ல. பூமியின் மேலோட்டுக்குள் புகுந்த குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து உறைந்தது. பிறகு கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது. கூர்ந்து பார்த்தால் வெள்ளைப் பாறையில் கருமையான ஆம்ஃபிபோல் கனிமம் இழையோடியிருக்கும். ஆம்ஃபிபோலின் கட்டமைப்பிலேயே நீரின் கூறு உண்டு. நீர் கலந்த குழம்பிலிருந்து பிறந்த பாறை இது என்பதற்கு ஆய்வாளர்கள் காட்டும் சான்றுகளில் அதுவும் ஒன்று. நிலவின் அனார்த்தோசைட்டில் அப்படி ஆம்ஃபிபோல் இழைகள் கிடையாது.

இந்த வேறுபாட்டைச் சொல்வதால் சித்தம்பூண்டியின் பெருமை குறைந்துவிடாது. நிலவுக்கு உறவு என்று சொல்லாமலேயே, பூமியின் பழைய மேலோடு எப்படி உருவானது என்று சொல்லித்தரும் மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று. சென்னை பரங்கிமலையின் சார்னோகைட் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக இருக்கிறது. திருவக்கரையின் கல்மரங்களும் அப்படித்தான். அந்த வரிசையில் சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியில் ஒரு பகுதியும் இடம்பெற வேண்டும். கல் உடைப்பது பெரும் தொழிலாக இருக்கும் மாவட்டத்தில், ஒரு முறை ஜல்லியாகிப்போனால் திரும்பாத சொத்து இது.

எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் குளிர்

மறுபடி நிலவுக்கு வருவோம். லேண்டரில் இருந்த ‘சேஸ்ட்’ என்ற கருவி இன்னொரு வகையில் முக்கியமானது. தரையில் பத்து சென்டிமீட்டர் வரை இறங்கும் ஊசி, அதன் நெடுகப் பத்து வெப்ப உணரிகள். சொல்லும்போது எளிதாகத் தெரியும். ஆனால் நாசாவின் இன்சைட் கலம் செவ்வாயில் ஐந்து மீட்டர் ஆழம் துளைக்கத் திட்டமிட்டுக் கொண்டுபோன கருவி, சுத்தியல் அடி போட்டுப் பார்த்தும் உள்ளே இறங்க முடியாமல் 2021இல் கைவிடப்பட்டது. 2014இல் ஒரு வால்மீனில் இறங்கிய ஃபிலே கலத்தின் வெப்ப ஊசிக்கும் இதே கதிதான். சேஸ்ட் மோட்டாரால் நிதானமாக அழுத்தித் தன் ஊசியை உள்ளே செலுத்தியது.

முதல் பதிவுகளிலேயே ஆச்சரியம் இருந்தது. மேற்பரப்பில் சுமார் 50 டிகிரி செல்சியஸ் இருந்தபோது, எட்டு சென்டிமீட்டர் கீழே மைனஸ் 10. உள்ளங்கை அகல ஆழத்துக்குள் அறுபது டிகிரி வித்தியாசம். நிலவின் தூசி அவ்வளவு சிறந்த வெப்பத் தடுப்பு. 2025 மார்ச்சில் வெளியான ஆய்வுக் கட்டுரை இன்னொன்றையும் காட்டியது. ஊசி இறங்கிய இடம் சூரியனைப் பார்த்து ஆறு டிகிரி சாய்ந்திருந்தது. அங்கே மேற்பரப்பு வெப்பம் 82 டிகிரி வரை உயர்ந்தது. ஒரு மீட்டர் தள்ளி இருந்த சமதரையில் 59 டிகிரிதான். ஒரு எட்டு எடுத்து வைத்தால் 23 டிகிரி மாறுகிறது!

இதிலிருந்து ஆய்வாளர்கள் செய்த கணக்கு எதிர்காலத்துக்கு மிக முக்கியம். இந்த அட்சரேகையில், துருவத்தைப் பார்த்து 14 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில், தரைக்குச் சற்றுக் கீழேயே பனிக்கட்டி தங்கும் அளவுக்குக் குளிர் இருக்கலாம். நிலவில் நீரின் கூறு இருப்பதற்கு 2009இல் வலுவான சான்று தந்ததும் சந்திரயான்-1இல் போன நாசாவின் கருவிதான். ஒருபோதும் வெயில் படாத துருவப் பள்ளங்களுக்குள் இறங்குவது மிகக் கடினம். வெயில் எட்டும் மேட்டு நிலத்தின் சரிவிலேயே பனிக்கட்டி கிடைக்குமானால், நிலவில் மனிதர் தங்குவதற்கான திட்டங்கள் எல்லாம் மாறும்.

மற்ற கருவிகளும் சும்மா இருக்கவில்லை. ரோவரின் லேசர் கருவி மண்ணைச் சுட்டு ஆவியாக்கி, தென் துருவப் பகுதி மண்ணில் கந்தகம் இருப்பதை நேரடியாக உறுதிசெய்தது. லேண்டரின் அதிர்வுமானி 250க்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பதிந்தது. ஏறக்குறைய 200 அதிர்வுகள் ரோவர் நகர்ந்ததாலோ கருவிகள் இயங்கியதாலோ வந்தவை. மீதி ஐம்பதுக்கு அப்படிக் காரணம் சொல்ல முடியவில்லை. அவை நிலவின் சொந்த அசைவுகளா, சிறு விண்கற்கள் விழுந்தவையா என்பது இன்னும் ஆராயப்பட வேண்டியது. ஆகஸ்ட் 27 அன்று பிரக்யான் தன் பாதையில் மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளத்தைக் கண்டு வழி மாறிப் போனது. செப்டம்பர் 2இல் ரோவரும் 4இல் லேண்டரும் உறங்கவைக்கப்பட்டன. நிலவின் இரவு பூமிக் கணக்கில் பதினான்கு நாள். அந்தக் குளிருக்குப் பிறகு அவை விழிக்கவில்லை. விழிக்கும் என்று கட்டப்பட்டவையும் அல்ல. ஒரு நிலவுப் பகலுக்காகச் செய்யப்பட்ட கலங்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டே ஓய்ந்தன.

அடுத்து என்ன?

நிலவின் மண்ணைப் பூமிக்கே எடுத்துவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,104 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தது. ஜப்பானோடு சேர்ந்து செய்யும் சந்திரயான்-5க்கு 2025 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது. பிரக்யானின் எடை 26 கிலோ. சந்திரயான்-5இல் போகப்போகும் ரோவரின் எடை சுமார் 350 கிலோ. தரையைத் துளைத்து நீரைத் தேடுவது அதன் முக்கிய வேலை.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பிரக்யானும் விக்ரமும் அனுப்பிய பதிவுகள், ஐந்து கருவிகளுடையவை, சுமார் 55 ஜிகாபைட், முதல் தேசிய விண்வெளி நாளான 2024 ஆகஸ்ட் 23 அன்று பொதுவில் வைக்கப்பட்டன. இஸ்ரோவின் ‘பிரதான்’ இணையதளத்தில் பெயர் பதிந்துகொண்டால் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். காரணம் தெரியாத அந்த ஐம்பது அதிர்வுகளும், 23 இடங்களின் எக்ஸ் கதிர்க் கணக்குகளும், சேஸ்ட்டின் வெப்ப வரைபடங்களும் அங்கே இருக்கின்றன. எந்த ஆய்வுக் கூடத்தின் சிபாரிசும் வேண்டாம், ஒரு கணினியும் இணைய இணைப்பும் போதும். சேலத்திலும் திருச்சியிலும் நாமக்கல்லிலும் புவியியல், இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வேடு தலைப்பு கிடைக்காது. கல்லூரி ஆசிரியர்கள் இந்த ஆண்டே ஒரு மாணவரையாவது அந்தப் பதிவுகளைத் திறக்கச் சொல்லுங்கள்.